திரையில் ஓடிய சிவப்புப் புள்ளி

மைக்கேல்ராஜ் கெட்டவனில்லை என்று பென்னலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடிப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறுவதில்லை. ஆனால் சாயங்காலம் மகள் ஜோவிதாவுக்குப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்துவிட்டால் போதும், அந்த மனுஷனுக்குள் எந்தப் பேய்தான் வந்து புகுமோ! மூன்றாம் வகுப்புப் பிள்ளை அவள். படித்த வார்த்தைக்குக் கண் திரும்பிப் போனால் கன்னத்தில் பளாரென்று ஒன்று விழும். வரி மாறிவிட்டால் இரும்பு ஸ்கேல், அதுவும் விரல் முட்டியில்.

அவன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், தகடுகளை மெஷினில் அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவன். தகடு வைக்கும்போது பராக்குப் பார்த்த, கூட வேலை செய்த கன்னியப்பனின் விரல்கள் மெஷினில் நசுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன், அந்த ரத்தத்தைத் துடைத்தவன். கண் அலைந்தால் கை போகும். அவன் கற்ற பாடம் அது ஒன்றுதான், அதையே பிள்ளைக்கும் அடித்து அடித்து ஏற்றினான்.

போன வாரம் அறைந்ததில் ஜோவிதாவின் உதடு கிழிந்து புத்தகத்தில் ரத்தம் சொட்டியது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி கிளாரா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள்.

"இன்னாய்யா, பெத்த புள்ளயா, இல்ல தெருநாயா? இன்னொரு தபா கை ஓங்குனே, இவள இட்டுக்கினு வாலாஜாபாத் எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன். அப்பால இவ மூஞ்சியக்கூட பாக்க முடியாது!"

சொன்னால் செய்கிறவள் கிளாரா. மகள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

அந்தச் சமயத்தில்தான் படிக்கும் பிள்ளைகளின் கண் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ச்சி செய்ய, ஷாலின் என்ற கல்லூரி மாணவி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பெற்றோரையும் வரச் சொல்லியிருந்ததால் மைக்கேல்ராஜும் கிளாராவும் போயிருந்தார்கள். ஷாலின் ஜோவிதாவை ஒரு திரை முன்னால் உட்காரவைத்தாள். திரைக்கு அடியில் சின்ன கேமரா. பிள்ளையின் கண் எந்தச் சொல்லில் நிற்கிறதோ, ஷாலினின் லேப்டாப்பில் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வந்து நிற்கும்.

புள்ளி நின்றது, தாவியது, பின்னால் போனது, மறுபடி தாவியது. மைக்கேல்ராஜ் பல்லைக் கடித்தான்.

"பாத்தியாம்மா, எப்டி அலையுதுன்னு? இதுக்குத்தான் ஒதைக்கிறேன்."

"எல்லார் கண்ணும் அப்டித்தாங்க போவும். என்னுதும், உங்களுதும். புரியாத வார்த்தைக்குத் திரும்பிப் போயிட்டு வருது, அவ்ளோதான். பாப்பா நல்லாத்தான் படிக்கிறா."

அடப்பாவமே, அப்படியானால் இத்தனை நாள் எதற்காக அடித்தான்? எழுந்துபோய் மகள் பக்கத்தில் நின்றான். தலையைத் தடவிக் கொடுக்கக் கையைத் தூக்கினான்.

சிவப்புப் புள்ளி காணாமல் போனது.

"மெஷின் நின்னுடுச்சா?" என்று கேட்டான்.

"இல்லீங்க," என்றாள் ஷாலின். "பாப்பா கண்ண மூடிக்கிச்சு."

ஜோவிதா தோளைக் குறுக்கிக்கொண்டு, மூடிய கண்ணோடு கெஞ்சினாள்: "ப்பா, இங்க வாணாம்பா. எல்லாரும் பாக்குறாங்க. வூட்டுக்குப் போயி அடிச்சுக்கோ."

கிளாரா பிள்ளையின் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், அவள் கையைப் பிடித்தாள், வாலாஜாபாத் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள். தடவத்தான் கையைத் தூக்கினேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. கத்தினாலும் யார் நம்புவார்கள்!