இன்ஜின் நின்ற கடல்

தஞ்சோங் டாவாய் மீன் துறைக்கு நான் ஐஸ் கட்டி தூக்கத்தான் போனேன். அதற்கு முன் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியிருக்கிறேன், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் தொற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன், சுங்கைப்பட்டாணி பஸ்ஸில் டிக்கெட் கிழித்திருக்கிறேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. எந்த வேலையிலும் எனக்குக் கால் தரிப்பதில்லை. மீன் துறையில் ஐஸ் தூக்கித் தூக்கித் தோள் தோல் உரிந்துபோயிருந்தபோது, அந்தப் பாய்க்கப்பல் ஆற்று முகத்துக்குள் வந்து நங்கூரம் போட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது.

இரண்டு பாய்மரம். கத்தி போல் நீண்ட மூக்கு. பித்தளை விளக்குகள், மரத்தில் செய்த சுக்கான் சக்கரம். பார்த்தால் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் என்று தோன்றும். உண்மையில் அது புதுக் கப்பல். நூறு வருஷத்துக்கு முந்தைய பந்தயக் கப்பல் ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டு, திரங்கானு மலாய்த் தச்சர்களைக் கொண்டு செங்கால் மரத்தில் அச்சாக அப்படியே செய்ய வைத்திருந்தார் அதன் சொந்தக்காரர். ஒரு சீனர். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார், மரியாதை விகுதிகள் மட்டும் வராது. யாராயிருந்தாலும் "நீ"தான். நாங்கள் அவரைத் தவுக்கே என்போம், முதலாளி என்று அர்த்தம்.

ஆள் வேண்டும் என்று கேட்டார். கயிறு இழுக்கத் தெரியுமா என்றார். லாரியில் கட்டியிருக்கிறேன் என்றேன். சோறு ஆக்கத் தெரியுமா என்றார். அன்றே ஏறிவிட்டேன்.

கப்பலை நாள் வாடகைக்கு விடுவார். பினாங்கிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருவார்கள். பாயை ஏற்றிப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அடியில் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கும். "பாய் அழகுக்கு, இன்ஜின் நேரத்துக்கு" என்பார் தவுக்கே. வாடகைக்கு வந்தவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

கேட்டது ஒரு பெண்தான். லூனாஸ் தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து மீன் துறையில் நின்றார். முப்பது வயதிருக்கும். பிறையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரெஸ் மெஷினில் வேலை. கூட வேலை செய்யும் பெண்கள் மாதாமாதம் கூட்டுச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு நாள் கப்பல் எடுக்கப் பேசவந்திருந்தார். விலை பேசும் முன்னே அவர் கேட்டது இதுதான்:

"இன்ஜின் போடாம ஓட்டுவீங்களா, தவுக்கே?"

"காத்து இருந்தா ஓடும். இல்லன்னா நிக்கும். உனக்கு எதுக்கு அது?"

"என் காதுல ஙொய்ன்னு ஒரு சத்தம். வீட்டுக்குப் போனாலும் கேக்குது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் நரம்புங்கிறாரு. அம்மா கண்ணேறுங்கிறாங்க. சூப்பர்வைசர் மனப்பிரமைங்கிறாரு. சத்தம் வெளிய இருக்கா, என் காதுக்குள்ள இருக்கான்னு எனக்குத் தெரியணும். வெளிய இருந்தா பிரெஸ்லயே நிப்பேன். உள்ள இருந்தா மெஷின் என் காதத் தின்னுதுன்னு அர்த்தம், விட்டுடுவேன்."

பிரெஸ்ஸில் நிற்பவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் தனியாக ஒரு படி உண்டு. அதை வைத்துத்தான் தம்பியை ஈப்போவில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். சும்மா விட்டுவிடுகிற வேலை இல்லை.

"வீட்லயே ராத்திரி படுத்துக் கேட்டுப் பாரேன்லா," என்றார் தவுக்கே.

"எங்க லயத்து வீட்டுக்குப் பின்னாலயே ரப்பர் ஆலை. அது நின்னா லாரி. லாரி நின்னா சில்வண்டு. சில்வண்டும் என் காதும் ஒரே சுருதி, தவுக்கே. எது எதுன்னு பிரிக்க முடியல. கடல்ல சில்வண்டு இல்லல்ல?"

தவுக்கே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வா. ஆத்து வாய் தாண்டினதும் நிறுத்துறேன்," என்றார். வாடகையையும் வழக்கத்தைவிடக் குறைத்துத்தான் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேனில் வந்து இறங்கினார்கள். அன்று இரவு எல்லோருக்கும் ராத்திரி ஷிப்ட். லூனாஸ் சந்திக்குத் தொழிற்சாலை பஸ் வந்துவிடும், அதற்குள் திரும்பியாக வேண்டும். தவறினால் வருகைப்படி போய்விடும். இரண்டு பேருக்கு ஏற்கெனவே எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. அந்த இரண்டு பேரில் ஒருத்தி குட்டையான, வாய் ஓயாத பெண். ஏணியில் கால் வைத்ததுமே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க கப்பல்காரரா, சமையல்காரரா?"

"ரெண்டும்தான்."

"அப்ப சம்பளமும் ரெண்டா?"

"ஒண்ணே ஒழுங்கா வரல."

"அட, நம்ம இனம்தான்!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கும். ஆற்று வாய் தாண்டியதும் பாய் ஏற்றச் சொன்னார் தவுக்கே. பெரிய பாயை ஏற்றுவது எனக்கே இடுப்பொடிகிற வேலை. கம்பெனிக்காரர்கள் வந்தால் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இந்தப் பெண்கள் கயிற்றில் வரிசையாக நின்றார்கள். கப்பல் பேசவந்த பெண்ணை அவர்கள் எல்லோரும் அக்கா என்றார்கள். அந்த அக்கா கையை உயர்த்தி விரலை மடக்கினார். எல்லோரும் ஒரே சமயத்தில் இழுத்தார்கள். மெஷின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் தொழிற்சாலையில் அவர்கள் கையால்தான் பேசிக்கொள்வார்களாம். விரல் மடங்கினால் இழு, கை விரிந்தால் நிறுத்து. பாய் விறுவிறுவென்று மேலே போனது. தவுக்கே வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சொன்னபடி இன்ஜினை நிறுத்தினார்.

அந்தக் கப்பலில் அவ்வளவு நாள் வேலை பார்த்தும் அது தானாக ஓடுவதை அன்றுதான் பார்த்தேன். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துகொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, யாரும் தள்ளாமல் போனது. பின்னால் ஜெராய் மலை முழுசாகத் தெரிந்தது. அதன் அடியில் வளர்ந்தவன் நான். அது அவ்வளவு அழகான மலை என்று எனக்குத் தெரியாது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம். ஆனால் தண்ணீர் சளப் சளப் என்று அடித்தது. கயிறு கிறீச்சிட்டது. பாய்மரம் முனகியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள், இன்னொருத்தி ஓரத்துக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அக்கா கண்ணைத் திறந்தார்.

"எல்லாம் சேந்து கேக்குது. பிரிச்சுச் சொல்ல முடியல."

"கப்பலும் ஒரு மெஷின்தான், அக்கா," என்றாள் குட்டைப் பெண்.

பீடான் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டோம். டிபன் கேரியர்களில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறும் மீன் சம்பாலும் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஆக்கிய சோற்றை யாரும் சீந்தவில்லை. எல்லோரும் உட்கார்ந்தும் ஒருத்தியைக் காணோம். ஒல்லியான, இருப்பதிலேயே சின்னப் பெண். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. தேடினால், முன்பாயின் கயிற்றைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். காலையில் தவுக்கே அவள் கையில் கொடுத்து, "பிடி, விடாத" என்று சொன்ன கயிறு. பாயை இறக்கி நெடுநேரம் ஆகிவிட்டது. உள்ளங்கை சிவந்து கன்றிப்போயிருந்தது.

"விட்டுட்டு வந்து சாப்பிடு, தங்கச்சி," என்றேன்.

"மாத்து ஆளு வரலையே, அண்ணே."

எனக்குப் புரியவில்லை. குட்டைப் பெண்தான் எழுந்துபோய் அவள் தோளைத் தொட்டாள். தொட்டதும் கயிற்றை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல் சாப்பிட ஆரம்பித்தாள்.

"எங்க லைன்ல அப்படித்தான், அண்ணே," என்றாள் குட்டைப் பெண். "ஆளு வந்து தோளத் தொடாம மெஷின விட்டு நகரக் கூடாது. இவ வீட்ல அடுப்பு முன்னாலயும் அப்படித்தான் நிப்பா. மாப்பிள்ளைக்கு நல்ல காலம்!"

எல்லோரும் சிரித்தார்கள். தவுக்கே மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் மருந்துத் தைலம் எடுத்துவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். "நான் மறந்துட்டேன்லா," என்றார். அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிற்பகலில் காற்று திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு அடிக்க வேண்டும். அதை நம்பித்தான் பாயை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கொஞ்ச தூரம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. கப்பல் இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. காற்று வரும் வரும் என்று காத்திருந்தோம். சூரியன் இறங்கிக்கொண்டேயிருந்தது.

தவுக்கே இன்ஜின் அறைக் கதவில் கை வைத்தார். "பஸ் போயிடும்," என்றார்.

அக்கா கரையைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். "போடுங்க, தவுக்கே. இவளுங்க வேலை முக்கியம். நான் இன்னொரு நாளு பாத்துக்கிறேன்."

இன்னொரு நாள் கிடையாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டுப் பணம் ஒரு தடவைக்குத்தான்.

"போடாதீங்க," என்றாள் குட்டைப் பெண். "இப்பத்தானே கப்பலே வாய மூடியிருக்கு. நீ போய் நில்லுக்கா."

"உனக்கு ஏற்கெனவே லெட்டர் இருக்குடி."

"அது தனியாத்தான் கெடக்கு. இன்னொண்ணு வந்தா ஜோடி சேந்துடும். நீ போ."

இன்னொரு கடிதக்காரி என்ன சொல்வாள் என்று அக்கா திரும்பிப் பார்த்தார். வாந்தி எடுத்த பெண்தான் அவள். கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்து எல்லோரும் கழற்றினார்கள். வளையல், கொலுசு, எல்லாவற்றையும் என் துண்டில் போட்டு மூட்டையாகக் கட்டினோம். தவுக்கே பாய்களை இறக்கச் சொன்னார். அக்காவுக்குப் பதில் குட்டைப் பெண் கையை உயர்த்தி விரல் மடக்க, சத்தமில்லாமல் இறக்கிக் கட்டினார்கள். தட்டிக்கொண்டிருந்த கயிறுகளை இழுத்து முடிந்தோம். பித்தளை மணியின் நாக்கில் தவுக்கே கைக்குட்டையைச் சுற்றினார். நான் மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தேன், தண்ணீர்க் குவளைகளைத் தூக்கி மெத்தை மேல் வைத்தேன். செருப்புகளைக் கழற்றிவிட்டுத் தளத்தில் உட்கார்ந்தோம்.

அக்கா கப்பலின் மூக்கில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

நான் மரம் சீவியவன். விடிவதற்கு முன்னால் ரப்பர்க் காட்டில் தனியாக நின்றிருக்கிறேன். அங்கே எப்போதும் ஏதாவது கேட்கும். இலை விழும், பால் சொட்டும், கொசு பாடும். அந்தக் கடலில் ஒன்றுமே கேட்கவில்லை. என் மூச்சு எனக்குப் பெரிதாகக் கேட்டதால் அதை அடக்கிப் பார்த்தேன். நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிய அந்தப் பெண் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய பஸ், அவர்களுடைய படி, அவர்களுடைய கடிதங்கள் எல்லாம் கரையில் இருந்தன. ஒருத்திகூடச் சூரியனைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த முதுகையே பார்த்தார்கள். இப்படிப்பட்ட ஆட்களோடு நான் எங்கேயும் வேலை செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். செய்திருந்தால் ஒருவேளை அங்கேயே தங்கியிருப்பேன்.

அக்கா திரும்பவில்லை.

கடைசியில் அந்த ஒல்லிப் பெண் எழுந்தாள். தைலம் தடவிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பாதத்தைப் பஞ்சு போல் வைத்து நடந்துபோய், அக்காவின் தோளைத் தொட்டாள்.

அக்கா திரும்பினார். முகத்தில் அழுகை இல்லை.

"உள்ளதான்டி இருக்கு," என்றார். பிறகு என்னைத் தாண்டித் தவுக்கேயைப் பார்த்து, "இன்ஜினப் போடுங்க. பஸ்ஸப் பிடிக்கணும்."

தவுக்கே அந்த இன்ஜினை அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. புகை கக்கிக்கொண்டு ஆற்று வாய்க்குள் நுழைந்தோம். வழியெல்லாம் பெண்கள் துண்டைப் பிரித்து வளையல்களுக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். வேன் புறப்பட்டபோது வெளிச்சம் மங்கிவிட்டது. அவர்கள் பஸ்ஸைப் பிடித்தார்களா என்பது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் கப்பலையும் விட்டுவிட்டேன். மறுபடி பஸ் வேலை. ஒரு நாள் பீடோங்கில் பஸ் நின்றபோது, துணிப் பை தூக்கிக்கொண்டு அக்கா ஏறினார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "கப்பல் மூழ்கிடுச்சா, அண்ணே?" என்றார்.

"நான்தான் கரையேறிட்டேன். அன்னிக்குப் பஸ் கெடச்சுதா?"

"சந்தியில போயிடுச்சு. வேன்ல தொரத்தி, ஹார்ன் அடிச்சு, அடுத்த ஸ்டாப்புல மறிச்சு ஏறினோம். மறுநாளே பிரெஸ்ஸ விட்டுட்டேன். சூப்பர்வைசர் மாத்து வேலை தர மாட்டேன்னாரு. வெளிய வந்துட்டேன்."

பீடோங்கில் ஒரு தையல் கடையில் மிதி மெஷினில் உட்காருகிறாராம். தம்பி படிப்போடு பகுதிநேர வேலையும் பார்க்கிறானாம். குறைதான், ஓடுகிறது என்றார்.

"சத்தம்?"

"இருக்கு. ஆனா பெருசாகல."

டிரைவர் கியரை மாற்றினார். பஸ் உறுமிக்கொண்டு ஏற்றத்தில் ஏறியது. கண்ணாடிகள் கடகடத்தன. நான் அடுத்துச் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கையை விரித்து நிறுத்து என்று காட்டினார். ஏற்றம் முடியும் வரை காத்திருந்துவிட்டு, இன்ஜின் பக்கம் விரலை நீட்டிச் சிரித்தார்.

"இது வெளிய," என்றார். "இப்ப எனக்குத் தெரியும்."