டொட் கொம் கிடைக்காத பெயர்

"அக்கா, என்ர பேரை ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ" என்றபடி தர்சிகா எங்கள் கடைக்குள் வந்தாள். நிலாவெளிப் பள்ளிக்கூடமொன்றில் புதிதாகச் சேர்ந்த ரீச்சர். கணினிகளில் இருந்த பையன்கள் எழும்பிப் போகும்வரை அவள் கதிரையில் இருக்கவில்லை. பிறகு நான் அடித்தேன். அவளுடைய அப்பாவின் கெஸ்ட் ஹவுஸ் படங்கள் இருந்த இடத்தில் உடுப்பில்லாத பெண்கள் வந்தார்கள். திரையைக் கையால் மறைத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். சமாதான காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, போனும் இன்டர்நெட்டும் வைத்திருந்த ஒரு கொம்யூனிகேசன் கடையில் வெப்சைட் செய்வது என் வேலை. நிலாவெளிக்கு வெள்ளைக்காரர் திரும்ப வரத் தொடங்கியிருந்தார்கள். தர்சிகாவின் அப்பா துரையண்ணை, வீட்டோடு கட்டிய நாலு அறைக் கெஸ்ட் ஹவுசுக்கு மகளின் பெயரையே வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் வள்ளத்துக்கும் கடைக்கும் பிள்ளையின் பெயர்தான். அந்தப் பெயரில் வெப்சைட் கேட்டு வந்தார். டொட் கொம்மை ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் டொட் கொம்முக்குப் பதிலாகப் பெயரின் பின்னால் ஒட்டுகிற டொட் இன்ஃபோ மாதிரிப் புதுப்புது வால்களைத் திறந்து விட்டிருந்தார்கள். முதல் வருஷம் மலிவு, பிறகு விலை கூடும். முதலாளி பாதியைத்தான் சொன்னார்.

"அண்ணை, இப்ப எடுத்தாப் பேர் உங்களுக்கு. விட்டா வேற ஆரும் கொத்திக்கொண்டு போயிடுவாங்கள்."

"எடுத்தா எங்கடதானே?"

"ஓம், உங்கடதான்."

காணி வாங்கியவர் போல துரையண்ணை சந்தோசப்பட்டார். வீதிப் பலகையிலும் எழுதுவித்தார். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டுமென்று நான் வாய் திறக்கவில்லை. முதலாளி பார்த்துக்கொள்வார் என்றிருந்தேன். நல்லாகப் பார்த்தார். ஊரில் எங்களிடம் கிரெடிட் கார்ட் ஏது? எல்லாப் பெயர்களுக்கும் லண்டனில் இருந்த அவருடைய மச்சானின் கார்டில்தான் காசு போனது.

சண்டை மறுபடி தொடங்கியது. விருந்தினர் வரவு நின்றது. மச்சானின் கார்ட் காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களும் மச்சானுக்கே போயின, அவர் பார்க்கவில்லை. பெயர் விடுபட்டது, எவனோ எடுத்து அந்தப் படங்களைப் போட்டுவிட்டான்.

"நான் படிப்பிக்கிற பெடியள் பாத்திட்டாங்கள் அக்கா. கரும்பலகைப் பக்கம் திரும்ப ஏலாமல் கிடக்கு. எனக்குப் பேசின கனடா மாப்பிள்ளை வீட்டாரும் பாத்திட்டினமாம். இதை அழிக்க ஏலாதோ?" என்று தர்சிகா அன்று கடையில் கேட்டாள்.

"ஏலாது" என்றேன்.

திருப்பி வாங்கக் கேட்டோம். அவன் சொன்ன விலைக்கு எஞ்சினோடு புது வள்ளம் எடுக்கலாம். முதலாளி மெயிலை மூடினார். "சண்டைக் காலம், நாங்கள் என்ன செய்யிறது?" அற்ப மனிதர். நானும் அவரிடம்தான் சம்பளம் வாங்கினேன்.

பிழை எங்கள் பக்கம்தான் என்ற உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று அடுத்த ஞாயிறு நிலாவெளிக்குப் போனேன். துரையண்ணை பலகையை இறக்கி, மகளின் பெயருக்கு மேல் கறுப்புப் பெயின்ற் பூசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரை போட்டார்.

"மனவருத்தப்படாதேங்கோ தங்கச்சி. கண்காணாத ஆக்கள் செய்த வேலைக்கு நீங்கள் என்ன செய்வியள்?"

தர்சிகா தேத்தண்ணி கொண்டுவந்தாள். "கனடாச் சம்பந்தம் குழம்பிட்டுது அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வெட்கத்தோடு வந்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, பெயர் விற்கும்போது அது யாருடைய கையில் இருக்கும், அடுத்த வருஷம் என்ன விலை என்று முதலிலேயே சொல்லுங்கள். கேட்டவர் வேண்டாமென்று எழும்பிப் போனால் போகட்டும்.

கனகாலத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வைத்திருந்தவன் கைவிட்டான். நான் எடுத்தேன். வருஷா வருஷம் புதுப்பிக்கிறேன். அதில் ஒன்றும் போடவில்லை. தர்சிகாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பாள், அன்று சொல்லாமல் வந்ததையும் சொல்ல வேண்டிவரும்.