தம்பியின் பூனைக்கண்

எனக்கு ஒன்பது வயதானபோது தம்பி பிறந்தான். நான்கைந்து மாதத்தில் அவனுடையது பூனைக்கண் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. வீட்டில் மற்ற எல்லோருக்கும் கறுத்த கண்கள்.

அப்பா அப்போது போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். முந்தைய ஆவணியில் பத்து நாள் வந்துவிட்டுப் போனவர்தான். தம்பியைப் பார்க்க வந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஆவணியிலிருந்து வைகாசி வரை விரல் மடக்கிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

"நம்மூட்டுல ஆருக்கும் இப்படிக் கண்ணு இல்லியே சாமி," என்று தம்பியிடம்தான் கேட்டார். அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்கும்படியாகக் கேட்டார்.

எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் குழந்தையை மாற்றிவிட்டார்கள், அத்தை துப்பறிகிறார். அதனால் அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அப்பன் இல்லாதப்ப ஊட்டுக்கு ஆரெல்லாம் வந்தாங்க கண்ணு?" என்று விசாரித்தபோது நான் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. சிலிண்டர்காரர், கேபிள்காரர், மாட்டு டாக்டர். மாட்டு டாக்டர் காப்பி குடித்ததையும் கேட்காமலேயே சொன்னேன். நான் தம்பியின் தலையைப் பிடித்துக்கொள்ள, அத்தை அவன் கண்ணைக் கிட்டத்தில் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினார்.

அதன்பிறகு அப்பாவின் போன் குறைந்தது. அம்மா பேசுவதும் குறைந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ, பழகிவிட்டு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று நான் தம்பியைத் தூக்குவதை நிறுத்திவிட்டேன்.

தை மாதத்தில் அப்பா வந்தார். காலையில் வருவதாகச் சொன்னவர் மாலையில்தான் வந்து சேர்ந்தார். வந்ததும் தம்பியை வாங்கித் தலைக்குமேல் தூக்கிச் சிரித்தார்.

"ஏனுங்கக்கா, ஜேடர்பாளையத்துச் சித்தப்பாவுக்கு இதே கண்ணுதானே? இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வாரேன். மறந்துட்டீங்களா?"

சேலத்துக் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டதால் முப்பது வருடமாக வீட்டில் பேச்சே எடுக்கப்படாதவர் அந்தச் சித்தப்பா. அத்தையைத் தோளில் தூக்கி வளர்த்தவரும் அவர்தானாம். "அந்தாளு பேச்சு இப்ப எதுக்கு?" என்று அத்தை எழுந்து வெளியே போனார்.

இப்போது கல்லூரியில் மரபியல் படிக்கிறேன். ஒரு மரபணு வெளியே தெரியாமல் பதுங்கியபடியே தலைமுறைகளைத் தாண்டும். தெரியாவிட்டாலும் நகலெடுக்கப்பட்டு, பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போய்ச் சேரும். அப்பாவிடம் ஒன்றும் அம்மாவிடம் ஒன்றுமாகப் பதுங்கியிருந்தவை தம்பியிடம் சேர்ந்திருக்கலாம். வீட்டைவிட்டு விலக்கிய மனிதரை ரத்தத்தைவிட்டு விலக்க எங்கள் குடும்பத்தால் முடியவில்லை. இது பரீட்சைக்கு வரும் பாடம்தான், சுலபமாகப் புரிந்துவிட்டது.

அன்று புரியாமல் போனது வேறொன்று. அப்பா ஜேடர்பாளையம் அணைக்கட்டிலிருந்து பொரித்த மீன் வாங்கி வந்திருந்தார். அம்மா பொட்டலத்தைத் தொடவில்லை.

"உனக்குப் புடிக்குமேன்னுதான் வாங்கியாந்தேன்," என்றார் அப்பா.

"அவரு கண்ணப் பாத்துட்டுத்தான் எங்களப் பாக்க வந்தீங்களா?" என்றாள் அம்மா. அத்தனை மாதமும் அழாதவள் அப்போது அழுதாள்.

எல்லாம்தான் சரியாகிவிட்டதே, இப்போது எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் பங்கு மீனையும் நானே தின்று தீர்த்தேன்.