கடைசியாகப் போகும் பிள்ளையின் ராஜகுமாரி

ஆயா சென்னம்மாளின் கதைகளுக்கு முடிவு தெரிந்த பிள்ளை அந்தக் காப்பகத்தில் ஒன்றே ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாரும் பாதிக் கதையோடு வீட்டுக்குப் போனவர்கள்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த காப்பகம் அது. கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு அறை, ஓர் இரும்பு கேட், கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் புளியமரம். செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வந்திருக்கவில்லை. சாயங்காலம் பாலும் பன்னும் கொடுத்து, முகம் கழுவிவிட்டு, சென்னம்மாள் கதையை ஆரம்பிப்பாள். ராஜகுமாரன் குதிரைக்குச் சேணம் கட்டும்போது முதல் பஸ் வந்துவிடும். ஹரீஷ்குமார் கிளம்பிவிடுவான். அது குதிரைக்குச் சேணம் கட்டுகிற கதை என்றே அவன் ரொம்ப நாள் நினைத்திருந்தான். குதிரை காட்டுக்குள் நுழையும்போது சௌமியாவின் அப்பா பைக்கில் வந்து ஹாரன் அடிப்பார். இப்படி ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் மிஞ்சுவது சுப்ரியா.

சுப்ரியாவின் அம்மா நாகம்மாள் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் சின்னச் சின்னக் கம்பிகளைப் பற்றவைக்கும் வேலை. அப்பா நல்லுசாமி லாரியில் வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. ஓ.டி. என்று கொஞ்சம் கூடுதல் நேரம் வேலை பார்த்துவிட்டு வரும் நாகம்மாளின் பஸ்தான் கடைசியில் வரும்.

சென்னம்மாள் பெரியவர்களிடம் பேசமாட்டாள். சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்; ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கல்யாணமும் நிலைக்கவில்லை. லேத் பட்டறையில் வேலை பார்த்த தம்பியோடு அதே தெருவில் ஓர் அறையில் இருந்தாள். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், கதைக்கு மட்டும் தமிழ். தாய்மார்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பையை மட்டும் நீட்டுவாள். யார் முகம் வாடியிருக்கிறது, யார் செருப்பு பிய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கிருந்தே தெரிந்துவிடும்.

ஒரு நாள் சுப்ரியா கேட்டாள்.

"ஆயா, ராஜகுமாரன் வரலைன்னா?"

"வருவான் கண்ணு. வராம எங்க போவான்?"

"அவனுக்கு ஓ.டி. இருந்தா?"

சென்னம்மாள் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். கதையில் கோபுரத்து ஜன்னலில் ராஜகுமாரி காத்திருந்தாள். இங்கே கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பிள்ளை காத்திருந்தது. யாரோ வந்தால்தான் நல்லது நடக்கும் என்று தினமும் இதனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தியது.

மறுநாள் கதையில் ராஜகுமாரி கோபுரத்துக் கதவை இழுத்துப் பார்த்தாள். அது பூட்டவே இல்லை. தானே படியிறங்கி வந்தாள். சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு, கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுப் பிடித்தாள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"அப்போ ராஜகுமாரன் எங்க ஆயா?" என்றான் ஹரீஷ்குமார்.

"அவனுக்கு செகண்ட் ஷிப்ட்டுடா. தூங்கறான்."

அதற்குப் பிறகு ராஜகுமாரி நிற்கவே இல்லை. பூதத்தின் லேத் மெஷினை ரிப்பேர் செய்தாள். தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது டிராக்டர் ஓட்டினாள். வழி தவறினால் அழமாட்டாள். தன் பேர், அம்மா பேர், அம்மாவின் கம்பெனி பேர் மூன்றையும் சத்தமாகச் சொல்வாள். பிள்ளைகளும் கூடவே சொல்வார்கள்.

ஆயுதபூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் நாகம்மாள் காப்பகத்து மேடத்திடம் பேசிக்கொண்டிருந்தது கதவுக்குப் பின்னால் கேட்டது.

"பெரிய ஆர்டர் வந்திருக்கு மேடம். இனிமே தெனமும் ஓ.டி.தான். நீங்க ஆறு மணிக்கு மேல பிள்ளைய வச்சிக்க மாட்டேங்கிறீக. பூஜை லீவுல ஊருக்குக் கொண்டுபோயி இவ அத்தை வீட்டுல விட்டுட்டு வந்திரலாம்னு இருக்கேன்."

"அதான் நல்லது. ஒரு பிள்ளைக்காக நான் திறந்து வச்சிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்தாள் சென்னம்மாள். வழக்கம்போல் கதவுக்குப் பின்னாலிருந்து பையை மட்டும் நீட்டினாள்.

பூஜை நாள் வந்தது. மதியத்திலிருந்தே பஸ்கள் புளியமரத்தடியில் வரிசையாக நின்றன. முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று, மேலே மாவிலைத் தோரணம், கண்ணாடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும். கம்பெனிப் பெயர்ப் பலகைகளைச் சாமந்தி மாலை மூடியிருந்தது. பார்த்தால் எல்லாம் ஒரே பஸ். சென்னம்மாள் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் பொரியும் கடலையும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது சுப்ரியா இல்லை.

கக்கூஸில் இல்லை. கட்டிலடியில் இல்லை. கேட் கொக்கி கழன்றிருந்தது. சென்னம்மாள் செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினாள். உடைத்த பூசணிக்காய்கள் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தன. வழுக்கி விழுந்து எழுந்தாள். நாகம்மாளின் பஸ் வந்தது. இறங்கியவர்களிடையே பிள்ளை இல்லை. நாகம்மாள் மட்டும் இனிப்புப் பெட்டியோடு இறங்கினாள்.

"எங்கக்கா என் பிள்ள?"

சென்னம்மாள் கையை விரித்தாள். இனிப்புப் பெட்டி கீழே விழுந்தது.

இரண்டு பேரும் தெருத் தெருவாகத் தேடித் திரும்பியபோது வேறொரு கம்பெனியின் பஸ் வந்து நின்றது. டிரைவர் திம்மப்பன் ஒரு கையில் சுப்ரியாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"யாரு மகு இது, யாரு பாப்பா? சூளகிரி வந்தப்புறம்தான் பாக்கறேன், ஜன்னல் சீட்ல ஜம்முன்னு உக்காந்திருக்குது. பஸ்ல இருக்கறவங்க எல்லாம் யாரோ கூட்டிட்டு வந்த பாப்பான்னு நெனச்சிட்டாங்க. பேரு என்னன்னா பேரு, அம்மா பேரு, கம்பெனி பேரு எல்லாம் ஒப்பிக்குது. அப்புறம் என்கிட்ட ஐடி கார்டு கேக்குதும்மா!"

நாகம்மாள் பிள்ளையை வாங்கி முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"எங்கடி போன?"

"உன்னக் கூப்பிட்டு வரத்தாம்மா போனேன். நீதான் லேட்டா வருவியே."

மாலை மூடிய பஸ்ஸை அம்மாவின் கம்பெனி பஸ் என்று நினைத்துப் பிள்ளை ஏறியிருக்கிறது. வீட்டுக்குப் போனால் பிள்ளை சொல்வதெல்லாம் அந்த ராஜகுமாரி கதைதான்; நாகம்மாள் சென்னம்மாளைப் பார்த்தாள்.

"ஏக்கா, உங்க ராஜகுமாரிக்கு அம்மா கிடையாதா? அவளக் காணலைன்னா தேட ஒரு ஆள் இல்லையா?"

சென்னம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை கதையிலும் அம்மா பேரைச் சொல்லவைத்தாளே தவிர, அந்த அம்மாவை ஒரு நாளும் கதைக்குள் அழைத்து வரவில்லை.

"இனிமே இங்க ராஜகுமாரியும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார் மேடம்.

"நீங்க எந்தக் கதைய வேணும்னாலும் சொல்லிக்கங்க. நாளைக்கு நான் பிள்ளையோட ஊருக்கு பஸ் ஏறுறேன்" என்றாள் நாகம்மாள்.

சென்னம்மாள் கதவுக்குப் பின்னால் போகவில்லை. முழங்காலில் பூசணிச் சதை ஒட்டியிருக்க, கேட்டுக்கு நடுவில் நின்றாள்.

"பாப்பாவ அனுப்பாதீங்க. ஆறு மணிக்கு இங்க பூட்டனதும் என் ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஓ.டி. முடிச்சிட்டு வந்து கூட்டிக்கங்க."

மேடம் அவள் குரலை அவ்வளவு நீளமாகக் கேட்டதே இல்லை.

"தொலைச்சதே நீங்கதானக்கா" என்றாள் நாகம்மாள்.

"ஆமா. அதனாலதான் கேக்கறேன். இனிமே என் கண்ணு அவ மேல இருந்து நகராது."

நாகம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

லீவு முடிந்த காலையில் சென்னம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் அந்தப் பிள்ளை நின்ற இடம் அது. வாடிப்போன மாலையோடு பஸ் வந்தது. ஹரீஷ்குமார் இறங்கினான். சௌமியா வந்தாள். பஸ் கிளம்பப்போனது. கடைசிப் படியில் சுப்ரியாவின் கால் தெரிந்தது. அவள் கையில் வழக்கமான சாப்பாட்டுப் பை. நாகம்மாள் இன்னொரு மஞ்சள் பையை நீட்டினாள். உள்ளே மாற்றுக் கவுனும், சாயங்காலத்துக்கு ஒரு டப்பா சோறும் இருந்தன.

"ரசம் சாதம்க்கா. ஊட்டினாத்தான் தின்பா" என்றாள்.

மேடம் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னடி உன் ராஜகுமாரி சமாச்சாரம்?" என்று அவரே கேட்டார். அப்போதிலிருந்து ராஜகுமாரி எங்கே கிளம்பினாலும் சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, இந்த இடத்துக்குப் போறேன், இன்னாரோட போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். பூதம் வழியில் காத்துக்கொண்டிருந்தாலும் சரி.

அந்தக் காப்பகம் இப்போது இல்லை. புளியமரமும் ரோடு அகலமானபோது போய்விட்டது. சென்னம்மாளுக்கு நினைவில் நிற்பது அவள் அறையின் வாசற்படிதான். நாகம்மாள் ஓ.டி. முடிந்து வருவாள். உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பமாட்டாள். கால்களை நீட்டிப் படியில் உட்கார்ந்து, விரல்களில் இருந்த சூட்டுக் காயங்களை ஊதிக்கொண்டே கதை கேட்பாள். ராஜகுமாரி ஆற்றைத் தாண்டும் இடத்தில் பிள்ளை தூங்கிவிடும். சென்னம்மாள் கதையை நிறுத்துவாள்.

"ஏன்க்கா நிறுத்திட்டீக?" என்பாள் நாகம்மாள். "அப்புறம்?"