வலப்பக்கப் பங்கு

மணிப்புறாவின் பூமயிர் அடுப்புத் தணலில் கருகும் மணம் இன்றைக்கும் எங்கிருந்தாவது மூக்கில் பட்டால் எனக்குப் பசி வருவதில்லை, செல்லையா மாமாமீது கோபம்தான் வருகிறது. மாமா என்றது வாய்ப்பழக்கம். சொந்தமில்லை, கிளிவெட்டியில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்பாவிடம் ஒரு "இடியன்" இருந்தது, குழாய்க்குள் மருந்தும் சன்னமும் இடித்து நிரப்பிச் சுடுகிற நாட்டுத் துவக்கு. முயலோ காட்டுக்கோழியோ, அப்பா வெடி வைத்தால் தப்பாது. எது விழுந்தாலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு பங்கு போகவேண்டும், அதைத் திருப்பி அனுப்பினால் சண்டைக்கு வருகிறார் என்று அர்த்தம். யுத்தம் வந்து, துவக்கு வைத்திருந்தாலே ஆபத்து என்றானபோது அப்பா அதை வைக்கற்போருக்குள் ஒளித்தார். இடம் தெரிந்த வெளியாள் ஒருவர்தான்: வயலில் பன்றி இறங்கினால் அதை இரவல் வாங்கிப் போகிற செல்லையா மாமா. அந்தப் போகத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக இருவருக்கும் "கொழுவல்" வந்தது. ஒரு கிழமைதான் போனது. ஆமிக்காரர் வந்தார்கள், வீட்டுக்குள் எட்டியும் பார்க்கவில்லை, நேரே வைக்கற்போருக்குப் போனார்கள். துவக்கோடு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதம் கழித்து அப்பா திரும்பி வந்தபோது வலக்கை விரல்கள் மடங்கவில்லை. இடக்கையால் சோற்றை அள்ளி, பாதியைப் பாயில் சிந்தி அவர் சாப்பிட்டதைப் பார்த்த அன்றே, பன்னிரண்டு வயதில், செல்லையாவின் கண்ணைக் கெடுப்பது என்று நான் முடிவெடுத்தேன்.

கொய்யாக் கவரும் பழைய சைக்கிள் ரியூப்பும் கிடைத்தன, உண்டை எறிகிற "கெற்றப்போல்" ஆயிற்று. களிமண் உருண்டைகளை அடுப்புச் சாம்பலில் சுட்டு எடுத்தேன். வேலிக்கதியாலில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தேன், அதுதான் அவருடைய மண்டை. அறுவடைக்குள் நூறு சிரட்டையாவது உடைத்திருப்பேன். பிறகு ஒருநாள் பாலை மரத்திலிருந்து மணிப்புறா ஒன்று ஒரே அடியில் விழுந்தது. "பெட்டைப்பிள்ளைக்கு உதென்ன வேலை?" என்று அம்மா கத்தினாலும், பாதை பூட்டி மீனே வராத காலம், பறவையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

"பாதியை மாமா வீட்டை குடுத்திட்டு வா," என்றார் அப்பா.

"அந்த நாசமாப்போவானுக்கோ? என்னால ஏலாது! அவன்ர கண்ணைப் பாத்து அடிக்கப்போறன், விடுங்கோ அப்பா!"

"கண்ணில அடிச்சால் ஊரெல்லாம் அவனைப் பாவமெண்டும். பங்கைக் கொண்டுபோ. வலப்பக்கத்தைக் குடு."

கொண்டுபோனேன். அடுத்த புறாவிலும் வலப்பக்கம், அதற்கடுத்த காடையிலும் வலப்பக்கம். ஐந்தாந்தரமோ ஆறாந்தரமோ, கதிரையில் இருந்த செல்லையா மாமா நான் நீட்டிய கறிக்கோப்பைக்குள் பார்த்தபடியே கேட்டார்:

"ஏன் பிள்ளை, எப்பவும் வலப்பக்கமே வருது?"

"அப்பாவுக்கு இனி இடப்பக்கம் போதுமாம், மாமா."

அவர் முகம் செத்துப்போயிற்று. கை நீட்டி வாங்கும்வரை நான் அசையவில்லை. ஐயோ, அந்தச் சந்தோசத்தை என்னவென்று சொல்ல! அதற்குப் பிறகு எங்கள் வயிற்றுக்காக அல்ல, அவர் கோப்பைக்காகவே குறி பார்த்தேன். திருப்பி அனுப்ப அவரால் ஏலாது, ஏன் என்று ஊர் கேட்கும். ஒருநாள் கறியை அவர் நாய்க்குக் கொட்டுவதை வேலிப் பொட்டுக்குள்ளால் கண்டேன். மறுநாள் இரண்டு புறா அடித்தேன். அடுத்த போகம் விதைக்காமலே குடும்பத்தோடு திருகோணமலை நகரத்துக்குப் போய்விட்டார்.

இப்போது நானும் அதே நகரத்தில், மரணப் பதிவுப் படிவங்களை நிரப்பும் மேசையில் வேலை செய்கிறேன். அப்பா போய் எட்டு வருடம். கிளிவெட்டியில் எங்கள் வேலி இருந்த இடத்தில் கல்மதில், மதிலுக்கு மேலால் யாரும் பங்கு நீட்டுவதில்லை. துறைமுகப் பக்கத்து மின்கம்பிகளில் மணிப்புறாக்கள் பயமில்லாமல் குந்தியிருக்கின்றன, கெற்றப்போலோடு ஒரு பிள்ளையையும் காணோம்.

போன மாதம் செல்லையா மாமாவின் மகன் என் மேசைக்கு வந்தான், தகப்பனின் சாவைப் பதிய. என்னை அடையாளம் கண்டு கதை கொடுத்தான்.

"அப்பா இஞ்ச வந்த நாள் தொட்டு இறைச்சி தொடேல்லை அக்கா. விரதமுமில்லை. ஏனெண்டு கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்."

"அப்பிடியே?" என்று கேட்டுவிட்டு முத்திரையைக் குத்தினேன். ஒரு துளி இரக்கமும் வரவில்லை.

அன்று சந்தையில் ஒரு முழுக்கோழி வாங்கிக் கறி வைத்தேன். வலப்பக்கம் முழுவதையும் நானே தின்றேன்.