மடித்து வைத்த முதல் வரி

தவமலருக்கு ஐம்பத்தாறு வயது. தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடமாகக் கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்த கை. அந்தக் கத்தரிக்கும் அவள் நாக்குக்கும் போட்டி வைத்தால் எது கூர்மை என்று சொல்வது கஷ்டம். ஆனால் மனசு தங்கம். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் ராஜுவோடு சபைக்குப் போக ஆரம்பித்தவள், மழையோ பனியோ, ஒரு ஞாயிறு தவறியதில்லை.

அவள் தங்கை யுவனேஸ்வரிக்கு லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டம். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் தவமலர் பஸ் பிடித்துக் கீழே இறங்குவாள். அங்கே சாப்பிட்டுவிட்டு, முட்டைக்கோஸும் பீன்ஸும் தக்காளியும் நிறைந்த பையோடு திரும்புவாள்.

ஆறு வருடத்துக்கு முன் தங்கை புது வீடு குடிபுகுந்தாள். விருந்தில், அத்தனை பேர் உட்கார்ந்திருந்த பந்தியில், "சாம்பாருல உப்பே இல்லலா, வாயில வெக்க முடியல" என்று தவமலர் சொல்லிவைத்தாள். தங்கையின் முகம் சுண்டிப்போனது. "உப்பு இருக்கற வீட்டுல போயி சாப்பிடு" என்றாள். அத்தோடு போக்குவரத்து நின்றது. காய்கறி விளைகிற மலையில் இருந்துகொண்டு கடையில் வாடிய கோஸை வாங்கும் தலையெழுத்து தவமலருக்கு வந்தது. கோஸாவது போகட்டும், தங்கை இல்லாத சனிக்கிழமைதான் அவளை அரித்தது.

ஆனாலும் தானாகப் போவதா? அவள் வந்து கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டாள். யுவனாவுக்கு நல்ல புத்தி கொடும் ஆண்டவரே என்று தினமும் ஜெபம் மட்டும் பண்ணினாள்.

புத்தாண்டுக் காலை ஆராதனையில் சபையார் அந்த வருடத்துக்கென்று வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்பார்கள். இந்த வருடம் அவள் கைக்கு வந்த அட்டை, கேட்டு நடந்தால் நிலத்தின் நன்மையை உண்பாய் என்றது. தவமலருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நிலத்தின் நன்மை என்றால் பெர்த்தாம் பை அல்லாமல் வேறென்ன? வீட்டில் இருந்த கண்ணாடிச் சட்டம் சின்னது. மேல்வரியைப் பின்பக்கம் மடித்து, நன்மை மட்டும் தெரிகிற மாதிரி மாட்டினாள். ஜனவரி போனது, ஜூன் போனது, தங்கை வரவில்லை. ஆண்டவர் மேலேயே அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆகஸ்டில் பனி ஈரம் சட்டத்துக்குள் இறங்கி அட்டை நமுத்துப்போனது. அதை எடுத்து அடுப்படியில் காயவைத்தபோது பக்கத்து வீட்டு வேலம்மா வந்தாள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள்தான், ஆனால் எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் விடமாட்டாள்.

"இதென்ன தவம், மேல ஒரு வரி இருக்கு. கேட்டு நடந்தால்னு போட்டிருக்கு. அத ஏன் மடிச்ச?"

"எடம் பத்தல."

"சரி, என்னாத்த கேட்டு நடக்கச் சொல்றாரு ஒங்க சாமி?"

தவமலர் அட்டையின் மடிப்பை விரலால் நீவினாள். பதில் தெரியாமல் இல்லை. காணிக்கையோடு வரும்போது யாருக்காவது உன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய்ச் சமாதானமாகு என்று போதகர் பிரசங்கித்த அன்று, முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னவளே அவள்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினாள்.

யுவனேஸ்வரி வாசலில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தவமலர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தப்பு என்னோடது யுவனா. நாலு பேரு முன்னால ஒன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்க."

தங்கை பீன்ஸை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். விருந்துக்கு முந்தின வாரந்தான் கணவர் குகனேஸ்வரனுக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். வந்தவர்களிடம் நோயைச் சொல்ல வேண்டாம் என்று கணவர்தான் தடுத்துவிட்டார். கேட்ட தவமலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு யுவனேஸ்வரி கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையைத் தூக்கிவந்து அக்காவின் கையில் கொடுத்தாள். அன்று காலை பறித்த காய்கறி, பை நிறைய.

"நான் வருவேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. ஆறு வருசமா சனிக்கிழமையானா எடுத்து வச்சிட்டுத்தான் இருக்கேன். வந்து கூப்பிட ரோசம் விடல. சாயங்காலம் வரைக்கும் பாப்பேன், அப்புறம் பக்கத்து வீட்டுல கொடுத்துடுவேன்."

தவமலர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள், அழுதபடியே சிரித்தாள். அவள் முழங்காலில் நின்று கேட்ட நன்மை அத்தனை வாரமும் இந்தக் கதவுக்குப் பின்னால் தயாராகத்தான் இருந்திருக்கிறது. அவள்தான் கிளம்பி வரவில்லை.

மத்தியானம் தட்டு போட்டார்கள். சாம்பாரில் உப்பு குறைவுதான். தவமலர் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னாள்.