மாப்பிள்ளை கொண்டுவந்த ராடு

பொம்மிடி வழியாகப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்த வழி என்றாலே எனக்கு முதலில் வருவது வெட்கம்தான். எண்பதுகளில் ஒரு தை மாதம். பாப்பிரெட்டிப்பட்டியில் என் அண்ணனின் கரும்பாலையில் உருளையைச் சுழற்றும் ஷாப்ட் முறிந்துவிட்டது. வெட்டிய கரும்பு களத்தில் காய்கிறது, அடித்த ஷாப்டாகப் பார்த்து வாங்கி வரவேண்டும் என்று ஆள் மூலம் சேதி வந்தது. என் வீட்டுக்காரர் ஜவுளிக்கடைக் கணக்கர். ஆனாலும் சேலத்தில் இருப்பவனுக்கு இரும்பு தெரியாதா என்று கிளம்பிவிட்டார்.

நானும் கூடப் போனேன். சேலத்திலிருந்து காலை பாசஞ்சரில் பொம்மிடிக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ். ஷாப்ட் என்று அவர் வாங்கி, அளவுக்குக் கடைசல் பிடித்த இரும்பு ராடு சாக்குக்குள் இருந்து எல்லார் காலையும் இடித்தது. வழியெல்லாம் அதன் பளபளப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஆலையில் என்ஜின் ஓட்டும் சின்னப்பன் சாக்கைப் பிரித்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். அது இரும்பாலையில் உருளைகளுக்கு நடுவே விட்டு நீளமாக இழுத்த ராடு. கேட்டுக்கும் கொட்டகைக் காலுக்கும் போதும். ஆலை முறுக்கைத் தாங்க, காய்ச்சிச் சம்மட்டியால் அடித்த ஷாப்ட் வேண்டும். ஆலைக்காரர் மகள் எனக்கே தெரிந்தது அண்ணனுக்குத் தெரியாதா? ஆனால் எங்கள் வீடுகளில் மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"மாப்ள பாத்து வாங்கியாந்தது. மாட்டு சின்னப்பா," என்றார் அண்ணன். நானும் சாக்கை மடித்து ஓரமாக வைத்தேன்.

மதியத்துக்குள் ராடு பிழிந்த துணியாகத் திருகிக்கொண்டது. கரும்புக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"ஆல பழசுங்க மாப்ள. ராடு மேல குத்தமில்லீங்க," என்றார் அண்ணன்.

அதைத்தான் தானும் நினைத்ததாக இவர் சொன்னார். புது ஆலை வாங்கச் சொல்லி யோசனை வேறு. எனக்கு மானமே போயிற்று. அண்ணி முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரியான ஷாப்ட் வருவதற்குள் கரும்பு சுக்காகிவிட்டது.

போகிறவர்கள் தை மாதம் போங்கள். ஆலைக்கொட்டகையில் கேட்டால் சாறு கொடுப்பார்கள். பொம்மிடியில் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். இரும்பு வாங்குவதென்றால் அடித்ததா, இழுத்ததா என்று கேளுங்கள். பளபளப்பு எதற்கு வேண்டுமானாலும் ஏற்றலாம்.

பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று, கிளம்பும்போது அண்ணன் ஒரு பை உருண்டை வெல்லம் கொடுத்தார். அதை அண்ணி பக்கத்துக் காட்டுக்காரர் ஆலையில் வாங்கி, கொல்லைப்புறமாக எடுத்துவந்ததை நான் பார்த்திருந்தேன். ரயிலில் இவர் ஓர் உருண்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "என்ன சொல்லு, உங்கண்ணன் ஆல வெல்லத்து ருசியே தனி," என்றார். எதிர் சீட்டுக்காரருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். எனக்கும் நீட்டினார். ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே தின்றேன்.